சத்தம் போடாத தூண்

"கியூப் பாஸாயிட்டுல்லா டீச்சர்? அப்போ பில்லர் நிக்கும்லா?"

ஆவுடையப்பன் லேப் வாசலில் நின்றபடியே கேட்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

பியூலா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சிமெண்டு.

"எதைப் பத்திக் கேக்கீங்க சார்? கியூபைப் பத்தியா, பில்லரைப் பத்தியா?"

"ரெண்டும் ஒரே கான்கிரீட்டுதானே?"

"நீங்கதான் சொல்லணும்."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் கதையில் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருப்பாள். பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில், கான்கிரீட்டை நசுக்கிப் பார்க்கிற லேபுக்கு அவள்தான் பொறுப்பு.

சீடர் அவளைவிட ரொம்பப் பெரியவர். கட்டிட வேலையிலேயே தலை நரைத்த இன்ஜினியர்.

ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. பியூலா படிக்கிற பெண்ணாகப் பயிற்சிக்கு வந்தபோது அவர்தான் குரு. பலகையைச் சுத்தியலால் தட்டி, உள்ளே கான்கிரீட் நிறைந்திருக்கிறதா, பொந்து விழுந்திருக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அப்புறம் புதுசு புதுசாகக் கான்கிரீட் வந்தது. அவர் படித்த படிப்பு பற்றவில்லை. "எனக்குச் சொல்லிக் கொடுங்க டீச்சர்" என்று சனிக்கிழமை தோறும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். கூச்சமே கிடையாது. இந்த மனுஷனை எனக்குப் பிடிப்பதே அதனால்தான்.

கல்லூரி வாட்ச்மேன் அவரைப் பார்த்தாலே, "சிஷ்யப்பிள்ளை வந்தாச்சு" என்பார்.

அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை.

"நிக்கும்," என்றாள் பியூலா, கையைத் துடைத்துக்கொண்டே.

"நிக்கும்லா?"

"நிக்கும்."

கேட்ட பதில் கிடைத்துவிட்டது. சந்தோஷமாகப் போக வேண்டியதுதானே? மனுஷன் அசையவில்லை.

"இன்னும் என்ன சார்?"

"ஒண்ணுமில்ல."

"முகம் ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"வெயிலு."

பியூலா ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே காலையிலிருந்தே மேகம் மூடாக்குப் போட்டுக் கிடந்தது.

"நாளைக்குக் காலைல அந்த பில்லரைத் தட்டிப் பாருங்க. அது என்ன சொல்லுதுன்னு வந்து எனக்குச் சொல்லுங்க."

"நாளான்னைக்கு மேலே பீம் கான்கிரீட், டீச்சர்."

"அதான் நாளைக்கே தட்டச் சொல்லுதேன்."

*

அவர் ஏன் அப்படி வேர்த்துப்போனார் என்பதை மறைத்து வைத்து விளையாட எனக்கு இஷ்டமில்லை. சொல்லிவிடுகிறேன்.

தென்காசி ரோட்டில் சொர்ணலிங்கம் அண்ணாச்சி ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறார். அதற்கு இன்ஜினியர் ஆவுடையப்பன். கல்யாண வீட்டில் பந்திக்கு அடுத்தபடியாக ஜனங்கள் முணுமுணுப்பது தூணைப் பற்றித்தான். "தாலி கட்டுனதையே பாக்கல, முன்னாடி பில்லர் மறைச்சுட்டு" என்று சொல்லாத ஆள் உண்டா? அண்ணாச்சி அவருடைய அக்கா மகன் கல்யாணத்திலேயே தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, கெட்டிமேளத்தைக் காதால் மட்டும் கேட்டுவிட்டு வந்தவர். அந்த வயிற்றெரிச்சல் தீரவே இல்லை.

"என் மண்டபத்துல பில்லர் பாக்குமரம் கணக்கா இருக்கணும் வே," என்று சொல்லிவிட்டார்.

அவருடைய மகள் தாரணிக்குத் தை மாதம் கல்யாணம். அந்த மண்டபத்தில் அதுதான் முதல் கல்யாணம்.

தூண் ஒல்லியாக இருக்க வேண்டுமென்றால் கான்கிரீட் பலசாலியாக இருக்க வேண்டும். பலசாலிக் கான்கிரீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது முறுக்கு மாதிரி. வளையாது, நெளியாது, படக்கென்று உடையும். அதனால் அதற்குள்ளே ஸ்டீல் ஃபைபர் போடச் சொல்லியிருந்தது டிசைன். விரல் நீளம்கூட இருக்காது, இரண்டு முனையும் கொக்கியாக வளைந்த பொடிக் கம்பிகள். கான்கிரீட் பூராவும் அவை பரவிக் கிடந்தால், விரிசல் விட்டாலும் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

அதைப் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மிக்சர் சுற்றச் சுற்ற, இடியாப்பத்தில் தேங்காய்ப்பூ தூவுகிற மாதிரி, கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். அவசரப்பட்டால் கம்பிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு உருண்டையாகிவிடும்.

நடு மண்டபத்தில் நாலு தூண். முதல் மூன்றுக்கும் ஆவுடையப்பன் பக்கத்திலேயே நின்றார். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது.

நாலாவது, மேடைக்கு வலப்பக்கத் தூண். அதை வார்க்கிற அன்றைக்கு மேற்கே கருகருவென்று மழை கட்டியது. பாதித் தூணில் மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆவது? பயந்துபோய் அவரேதான் கத்தினார்.

"தூவிக்கிட்டு இருக்காதீங்கப்பா! மூட்டையோட தட்டுங்க!"

தட்டினார்கள். மிக்சர் வாயிலிருந்து தேங்காய் நார்ப் பந்து மாதிரி உருண்டை உருண்டையாக வந்து விழுந்தது. மேஸ்திரி ஒரு வலையை வைத்து, உருண்டைகளைப் பொறுக்கி ஓரமாக எறிந்தார். திரும்பி இன்ஜினியரைப் பார்த்தார்.

"போடு, போடு. மழை வருது," என்றார் ஆவுடையப்பன்.

கான்கிரீட் தூணுக்குள்ளே போனது. ஃபைபர் வெளியே கிடந்தது.

மழையா? அது அம்பாசமுத்திரம் பக்கம் போய்ப் பெய்தது. இங்கே ஒரு சொட்டு விழவில்லை. அந்தப் பாழாய்ப்போன மழையை ஆவுடையப்பன் இன்னும் மன்னிக்கவில்லை.

உருண்டைகளைத் தரைக்குக் கொட்டியிருந்த மணலில் புதைக்கச் சொன்னார். ஒன்றை மட்டும் எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது. அது இன்னும் டிபன் பாக்ஸுக்கு அடியில்தான் கிடக்கிறது. அவர் மனைவி செண்பகம் பையைத் தைத்துக்கொண்டே இரண்டு தடவை கேட்டுவிட்டாள், பை ஏன் இப்படி ஓட்டை ஓட்டையாகக் கிழிகிறது என்று.

இப்போது கியூப் பாஸ். அதாவது, தூண் வார்க்கிறபோதே அதே கான்கிரீட்டில் அச்சுப் பிடித்து வைத்த கட்டிகளை லேபில் நசுக்கிப் பார்த்தார்கள். கேட்ட பலத்துக்கு மேலேயே வந்திருக்கிறது. இனிமேல் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மேலே பீம் போட்டு மூடிவிட்டால் அப்புறம் அந்தத் தூணைத் தொடவும் முடியாது.

தப்பித்தாயிற்று. அந்த நினைப்புத்தான் ஆளை அரித்துத் தின்றது.

*

மறுநாள் காலையில் சுத்தியலோடு மண்டபத்துக்குப் போனார். அண்ணாச்சி அவருக்கு முன்னாலேயே வந்திருந்தார். பீமுக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்புகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜினியரே! இங்க வந்து உக்காரும் வே."

உட்கார்ந்தார்.

"மேடை தெரியுதா?"

"தெரியுது அண்ணாச்சி."

"மறைக்குதா?"

"மறைக்கல."

"ஜெயிச்சுட்டோம்!" அண்ணாச்சி தொடையில் ஓங்கித் தட்டினார். "எங்க அக்கா வீட்டுக்காரரை முதல்ல கூட்டிட்டு வந்து இந்த நாற்காலியில உக்கார வைக்கணும்."

தாரணியும் வந்திருந்தாள். நேரே நாலாவது தூணுக்குப் போய் அதைக் கட்டிப்பிடித்தாள்.

"அப்பா, ரெண்டு கையும் சேருது பாருங்க!"

ஆவுடையப்பனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்து இழுத்துவிடலாமா என்றிருந்தது. இப்போது தூணின் தலைமேல் ஒரு பாரமும் இல்லை, அது எங்கேயும் போய்விடாது என்று புத்திக்குத் தெரிகிறது. நெஞ்சு கேட்டால்தானே?

"அங்கிள், என் கூடப் படிச்சவங்க எல்லாரும் இந்த பில்லர்கிட்டதான் உக்காருவாங்க. இங்கருந்துதான் போட்டோ நல்லா வருமாம்."

"அப்படியாம்மா?"

"மேளக்காரங்களுக்கும் இங்கேயே ஜமுக்காளம் விரிச்சிருவோம்," என்றார் அண்ணாச்சி. "மேடைக்குப் பக்கம்லா."

தாரணி தூணை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ்வளவு ஒல்லியா இருக்கே, தாங்குமா அங்கிள்?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "யாரைக் கேக்கே நீ? இவரு போட்ட பில்லர் தாயி. இதுல யானையைக் கட்டலாம்."

ஆவுடையப்பன் எழுந்து போய் முதல் தூணைத் தட்டினார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பொத்தென்று கேட்டுவிடக் கூடாதா, ஒரு பொந்து இருந்துவிடக் கூடாதா என்று அவர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். பொந்து இருந்தால் அதையே காரணமாகச் சொல்லி இடித்துவிடலாமே. மேஸ்திரி மேல் பாதிப் பழி போய்விடுமே.

தட்டினார்.

கணீர் என்றது. நாலிலும் அதுதான் அருமையான சத்தம்.

"என்ன சொல்லுது?" என்றார் அண்ணாச்சி.

"நல்லாருக்கு."

"பின்ன முகத்தை ஏன் அப்படி வச்சிருக்கீரு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"நாளைக்குக் காலைல பூஜை போட்டுட்டுத்தான் பீம். பொங்கலும் சுண்டலும் சொல்லியாச்சு. நீரு வெறும் வயித்துல வாரும்."

"சரி அண்ணாச்சி."

வாசல் வரைக்கும் வந்தவர் திரும்பிப் பார்த்தார். இப்போது சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். அண்ணாச்சி கையைத் தூக்கி டாட்டா காட்டினார். இவரும் காட்டினார்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. செண்பகம் ரசத்தை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்னதான் செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

"எனக்கு இந்த ஒண்ணுமில்லதான் பயமாயிருக்கு," என்றாள் அவள். "நாலு வார்த்தை ஏசினாக்கூட நிம்மதியா இருப்பேன்."

அவர் கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"சாப்பிடாம பையை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

அவர் காதில் விழவில்லை.

*

லேபில் பியூலா அவருக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. நசுக்குகிற மிஷினுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டிகளை எடுத்து வைத்திருந்தாள். சோதனைக்குப் போக மிச்சமாக இருந்த கியூப்கள்.

"தட்டினீங்களா?"

"தட்டினேன்."

"என்ன சொல்லிச்சு?"

"கணீர்னு கேட்டுச்சு. ஒரு குறையும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "அதான் டீச்சர் பயமாயிருக்கு," என்றார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துச் சுவரைப் பார்க்கப் போட்டாள்.

"இதுல உக்காருங்க சார். இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. மீட்டரையும் பார்க்கக் கூடாது. காதை மட்டும் கொடுங்க."

"எதுக்கு?"

"காதாலதான் கேக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

உட்கார்ந்தார். எதிரே வெள்ளைச் சுவர். பல்லியின் வால் ஒன்று டியூப்லைட்டுக்குப் பின்னால் தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் கட்டியைத் தூக்கி வைக்கிற சத்தம். கம்பிக் கதவு மூடுகிற சத்தம். மோட்டார் உறுமத் தொடங்கியது.

"ஏறுது," என்றாள் பியூலா.

ஆவுடையப்பன் காதைத் தீட்டினார். மோட்டார் மட்டும்தான் கேட்டது.

"பாதிக்கு வந்துட்டு. ஏதாவது கேக்குதா?"

"இல்ல."

"முக்காலு. இப்ப?"

"ஒண்ணுமில்ல."

"கேட்ட பலத்தைத் தாண்டிட்டு. இப்ப?"

"ஒண்ணுமே கேக்கல, டீச்சர். நல்ல கட்டி. இது எந்த பில்லரோட..."

வெடித்தது.

அவர் ஸ்டூலோடு கீழே விழாத குறை. குண்டு போட்ட மாதிரி இருந்தது. கம்பிக் கதவில் சல்லி பட்டுத் தெறித்தது. பின்பக்கம் காலேஜ் கேண்டீனில் யாரோ "ஏ, என்னலே அது!" என்று கத்தினார்கள். லேப் பூராவும் புழுதி.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி திரும்பிவிட்டார்.

"திரும்பாதீங்க," என்றாள் அவள். "இது உடையப் போகுதுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"உடைஞ்ச பிறகுதான்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி எங்கே? ஒரு முணுமுணுப்புகூட இல்லையே!"

அதைச் சொல்லி முடிக்கிறபோதே இரண்டு கையையும் தொடைக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டார்.

பியூலா தூரிகையால் மிஷின் மேடையைக் கூட்டினாள். சல்லி சல்லியாக ஒரு தகரத் தட்டில் விழுந்தது. அந்தத் தகரத்தைக் கொண்டுவந்து அவர் மடிக்கு முன்னால் நீட்டினாள். தூளும் கூர்மையான சில்லுமாகக் கிடந்தது. அதில் விரலை விட்டுத் துழாவினார். கம்பி இருக்கிறதா? ஒன்று தென்பட்டது. இன்னொன்று. அவ்வளவுதான்.

"இது நாலாவது," என்றார்.

"ஆமா."

"போன தடவை நீங்க உடைச்சப்பவும் இப்படித்தான் வெடிச்சுதா?"

"இப்படித்தான்."

"மத்த மூணும்?"

"மத்த மூணும் விரிசல் விட்டுது. ஆனா கட்டி கட்டியாவே இருந்துச்சு. கையால தூக்கித்தான் வெளியே வச்சேன்."

"ரிப்போர்ட்ல நாலுக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்லா போட்டிருந்தீங்க?"

"நாலும் தாங்கின பாரம் ஒண்ணுதான் சார்."

அவர் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, காலடியிலிருந்த பைக்குள் கையை விட்டார். டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து அந்த உருண்டையை எடுத்துத் தகரத்தில் வைத்தார். சிமெண்டு காய்ந்து சாம்பல் நிறத்தில், முள்ளுமுள்ளாக.

"மூட்டையோட தட்டச் சொன்னது நான்தான்," என்றார்.

பியூலா குனிந்து அந்த உருண்டையைப் பார்த்தாள்.

"மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தான். போடுன்னேன். மழை வந்துரும்னு பயம். உள்ளே கொஞ்சம் போயிருக்கும் டீச்சர். பூராவுமா வெளியே வந்திருக்கும்?"

"எவ்வளவு போயிருக்கும்?"

"தெரியாது."

"எங்கே எங்கே இருக்கும்?"

"தெரியாது." உடனே வேகமாகச் சொன்னார், "உள்ளே பெரிய கம்பி இருக்கு. அதைச் சுத்தி ரிங் கம்பி கட்டியிருக்கு."

"ரிங்கைத் தள்ளித் தள்ளிக் கட்டினீங்களே, எதை நம்பி?"

பதில் அவருக்குத் தெரியும். தகரத்தில் அந்த ஃபைபர் முள்ளாக உட்கார்ந்திருந்தது.

"நீங்க நேத்து நிக்கும்னீங்களே, டீச்சர்!" அழுகிற மாதிரிக் கேட்டார்.

"நிக்கும். நிக்கறவரைக்கும் நிக்கும்."

"உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. கியூப் வெடிச்ச அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டேனே."

"எப்போ?"

"நேத்து உங்களைத் தட்டிப் பாத்தேன் சார். ஒண்ணுமில்லன்னு நல்லாக் கணீர்னு கேட்டுச்சு."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுதாரா என்று கேட்காதீர்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனுஷனின் முகம் எனக்கு எப்படித் தெரியும்?

"நான் வரலேன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

"சாயங்காலம் அண்ணாச்சிக்கு நானே போன் பண்ணியிருப்பேன்."

"அதைச் செய்யுங்களேன், டீச்சர். லேப்ல இருந்து சொன்னா மரியாதையா இருக்கும். என் வாயால எப்படிச் சொல்ல? அவரு என்னைப் பத்தி ஊரெல்லாம் பெருமை பேசுதாரு. யானையைக் கட்டலாம்னு இன்னைக்குக் காலைலகூட... அந்தப் பொண்ணு அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குது. இடிச்சு மறுபடி வாக்கணும். இல்லேன்னா சுத்தி இரும்புத் தகடு வச்சுக் கட்டணும். எதைச் செஞ்சாலும் தை மாசத்துக்குள்ளே முடியுமோ என்னமோ. இத்தனை வருசம் சம்பாதிச்ச பேரு. ஒரே நாள்ல போயிரும்."

"போயிரலாம்," என்றாள் பியூலா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். போகாது சார், கவலைப்படாதீங்க என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. இந்தக் குருமார்களே இப்படித்தான். வேண்டிய நேரத்தில் ஒரு பொய் சொல்ல மாட்டார்கள்.

"இப்போ நான் என்ன செய்ய?"

அவள் போய் இரண்டாவது கட்டியைத் தூக்கி மிஷினில் வைத்தாள். கதவை மூடினாள்.

"இது மூணாவது பில்லரோடது. இப்போ திரும்பிக்கிடலாம்."

மோட்டார் உறுமியது. மீட்டர் முள் ஏறியது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆவுடையப்பன் தன்னையறியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டார். இன்னொரு வெடியைத் தாங்குகிற தெம்பு அவர் உடம்பில் இல்லை.

டிக்.

"கேட்டுச்சா?" என்றாள் பியூலா.

"கேட்டுச்சு."

டிக். டிக். அப்புறம் நறநறவென்று ஒரு சத்தம், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரி. கட்டியின் மேல்முனையிலிருந்து ஒரு கோடு கிளம்பி மெல்ல இறங்கியது. பக்கத்தில் இன்னொரு கோடு. உள்ளே கம்பிகள் ஒவ்வொன்றாக இழுபடுகிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. முள் உச்சிக்குப் போய், பிறகு பொறுமையாக இறங்கத் தொடங்கியது. கட்டி பூராவும் விரிசல். ஒரு சில்லுகூடக் கீழே விழவில்லை.

"ஆள் எழுந்து வெளியே போறதுக்கு நேரம் கொடுக்குது," என்றார் ஆவுடையப்பன். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

பியூலா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். மிஷினை நிறுத்தவில்லை.

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி காலையிலிருந்து பூஜைச் சாமானுக்காக நாலைந்து தடவை கூப்பிட்டிருந்தார், அவர் பெயர்தான் மேலே இருந்தது. விரல் அதன் மேலேயே நின்றது. பிறகு அழுத்தினார்.

"சொல்லும் வே இன்ஜினியரே! நாளைக்கு ஐயர் சீக்கிரமே வந்துருவாராம். நீரு எப்போ வாரீரு?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

"என்ன வே, பேச்சையே காணோம்?"

"ஒண்ணு..." என்று தொடங்கிவிட்டார். பழக்கம். உதட்டைக் கடித்து அதை அப்படியே நிறுத்தினார்.

"லைன்ல இருக்கீரா? அங்க என்ன நறநறன்னு சத்தம்?"

"கான்கிரீட் உடையுத சத்தம் அண்ணாச்சி."

"ஐயையோ! நம்ம பில்லரா?"

"இல்ல அண்ணாச்சி. இது லேப்ல. நம்ம நாலாவது பில்லர் உடையுததா இருந்தா இந்தச் சத்தம் வராது."

"வராதுல்லா? அப்போ நல்லதுதானே வே?"

ஆவுடையப்பன் மிஷினுக்குள் இருந்த கட்டியைப் பார்த்தார். இன்னும் நின்றுகொண்டிருந்தது. இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"நல்லதில்ல அண்ணாச்சி. நாளைக்கு பீம் போட வேண்டாம். நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். உக்காந்துக்கிடுங்க, சொல்லுதேன்."

பியூலா மிஷினை நிறுத்தினாள்.